கவாத்தும் ஒளியும்: திராட்சைக் கொடியை வெட்டுவது ஏன் என்ற வினாவுக்கான விடைகள்

காட்டில் தானாக வளரும் திராட்சைக் கொடி, பற்றுக்கம்பிகளால் மரங்களைப் பிடித்து ஏறி, உச்சியில் வெயில் கிடைக்கும் இடத்தில் இலைகளை விரித்துக் காய்க்கும் இயல்புடையது. தோட்டத்திலோ அதே கொடியின் ஒரு பருவ வளர்ச்சியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை மனிதர் வெட்டி எறிகின்றனர். உணவு தயாரிக்கும் இலைகளையும் அவற்றைத் தாங்கும் கிளைகளையும் இழக்கும் செடி, இழப்புக்குப் பின் கூடுதலாகவும் தரமாகவும் காய்ப்பது எவ்வாறு என்ற வினா, வேளாண்மையைப் பற்றி மனிதர் எழுதத் தொடங்கிய காலத்திலிருந்தே கேட்கப்பட்டு வருகிறது. வெட்டுவதால் செடியின் வலிமை ஓரிடத்தில் குவிகிறது என்றும், நுனியின் அடக்குமுறை நீங்குகிறது என்றும், உள்ளே ஒளி புகுகிறது என்றும் காலந்தோறும் விடைகள் மாறியுள்ளன. இவற்றில் ஒளியைப் பற்றிய விடையே கடந்த அறுபது ஆண்டுகளாக முன்னிலை வகிக்கிறது. எனினும் அது எந்த உறுப்பின்மீது, எப்பொழுது, நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் விழும் ஒளி என்பதைப் பிரித்துப் பார்க்காமல் அந்த விடையை எல்லா ஊருக்கும் பொதுவாக்கியதில்தான் பல குழப்பங்கள் விளைந்துள்ளன.

ஆய்வுக்கு முன் இரண்டு செயல்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. கிளைகளை வெட்டிக் குறைப்பது கவாத்து. எஞ்சிய கிளைகளைக் கம்பியிலோ பந்தலிலோ சுவரிலோ விரும்பிய திசையில் கட்டி வளர்ப்பது பயிற்றுவித்தல். முன்னது எத்தனை மொட்டுகள் இருக்க வேண்டும் என்பதையும், பின்னது அவை எங்கே இருக்க வேண்டும் என்பதையும் தீர்மானிக்கின்றன. பெரும்பாலான நூல்கள் இரண்டையும் ஒன்றாகவே பேசுவதால், எந்த விளைவு எதனால் வந்தது என்பது மறைந்துவிடுகிறது.

வலிமை என்ற பழைய விளக்கம்

கிரேக்கத்துத் தியோஃபிராஸ்டஸ் செடிகளின் இயக்கக் காரணங்களைப் பற்றி எழுதியபோதே கொடியைக் கவாத்து செய்வதைக் கருத்தில் கொண்டார். கி.பி. முதல் நூற்றாண்டின் உரோமானியரான கொலுமெல்லா, கொடி வளர்ப்புக்கெனத் தம் வேளாண் நூலில் பல பகுதிகளை ஒதுக்கினார். இம்மரபில் செடிக்குள் ஓடும் சாறு அளவுக்கு உட்பட்டது என்றும், அதைப் பல வாய்கள் பகிர்ந்துகொண்டால் எதுவும் நிறைவடையாது என்றும் கொள்ளப்பட்டது. பிரான்சில் வெர்சாய் அரண்மனையின் காய்கனித் தோட்டத்தை 1678-க்கும் 1683-க்கும் இடையில் உருவாக்கிய லா குவின்டினி, மரங்களைச் சுவரோடு தட்டையாகக் கட்டி வளர்த்தபோதும் அவரது காலத்துச் சிந்தனை இதுவாகவே இருந்தது. சுவர் தந்த வெப்பமும் தட்டை வடிவம் தந்த ஒளியும் கைப்பழக்கத்தில் இருந்தன. அவை கோட்பாடாக இன்னும் ஆகியிருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வலிமை அளக்கத்தக்க ஒன்றாக மாறியது. பிரான்சின் மோன்பெலியேவில் பணியாற்றிய லூயி ரவாஸ், ஒரு கொடி தந்த பழத்தின் எடையை அதே கொடியிலிருந்து பின்னர் வெட்டிய கிளைகளின் எடையால் வகுத்துப் பார்த்தார். இன்று அவர் பெயரால் வழங்கும் அந்தக் குறியீடு 5-க்கும் 10-க்கும் இடையில் இருப்பது பொதுவாக நல்ல சமநிலையாகக் கருதப்படுகிறது. அதற்கு மேல் போனால் கொடி தன் தகுதிக்கு மீறிக் காய்த்துள்ளது என்றும், மிகக் கீழே இறங்கினால் அதன் வலிமை இலையிலும் தண்டிலும் வீணாகியுள்ளது என்றும் பொருள். அமெரிக்காவின் மிச்சிகனில் பார்ட்ரிட்ஜ் 1925-இல் இதே சிந்தனையை முன்நோக்கித் திருப்பி, வெட்டிய கிளைகளின் எடையைக் கொண்டு அடுத்த பருவத்துக்கு எத்தனை மொட்டுகளை விட வேண்டும் என்று கணக்கிடும் சமநிலைக் கவாத்தை முன்வைத்தார். 1918-இல் கிராவுஸும் கிரேபிலும் தக்காளியில் செய்த ஆய்வு, செடியில் உள்ள மாவுப்பொருளுக்கும் நைட்ரஜனுக்கும் இடையிலான விகிதமே அது இலையாகத் தழைக்குமா, காயாகத் திரளுமா என்பதைத் தீர்மானிக்கிறது என்ற கருத்தைப் பரப்பி, வலிமை என்ற சொல்லுக்கு வேதியியல் உடை அணிவித்தது.

இந்தக் கணக்குகள் இன்றும் பயன்படுகின்றன. ஆயினும் ஒரே எடையுள்ள கிளைகளைக் கொண்ட இரு கொடிகளில், ஒன்று நெருங்கிய புதராகவும் மற்றது விரிந்த திரையாகவும் கட்டப்பட்டிருந்தால் அவற்றின் விளைச்சல் ஏன் வேறுபடுகிறது என்பதற்கு வலிமைக் கோட்பாட்டில் விடையில்லை. எடை மொத்தத்தைச் சொல்கிறது, பரவலைச் சொல்வதில்லை.

நுனியின் ஆதிக்கம்

இரண்டாவது விடை செடியின் உட்சமிக்ஞைகளைச் சார்ந்தது. தண்டின் நுனி இருக்கும்வரை அதற்குக் கீழுள்ள பக்க மொட்டுகள் உறங்குவதும், நுனியைக் கிள்ளியதும் அவை விழிப்பதும் முருங்கையில் நுனி கிள்ளும் உழவர் முதல் அனைவரும் அறிந்தது. இதை நுனி ஆதிக்கம் என்பர். 1933-இல் தீமானும் ஸ்கூகும் அவரைக் குடும்பச் செடியொன்றில் நுனியை வெட்டி, அவ்விடத்தில் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளை வைத்தபோது பக்க மொட்டுகள் மீண்டும் அடங்கியதைக் காட்டினர். பல பத்தாண்டுகள் இதுவே இறுதி விளக்கமாகத் தோன்றியது. ஆனால் ஆக்சின் மொட்டுக்குள் நேரடியாகப் புகுவதில்லை என்ற இடைஞ்சல் நீடித்தது. 2008-இல் கிளைத்தலை அடக்கும் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற மற்றொரு வகைப் பொருள் இனங்காணப்பட்டது. 2014-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பட்டாணியில் செய்த ஆய்வு, நுனியை வெட்டியவுடன் மொட்டை முதலில் எழுப்புவது ஆக்சின் குறைவன்று, நுனி இழுத்துக்கொண்டிருந்த சர்க்கரை மொட்டுகளுக்குத் திரும்புவதே என்று வாதிட்டது. பழைய சாற்றுக் கோட்பாடு முழுவதும் பொய்யன்று என்பதை இந்த முடிவு ஓரளவு மீட்டுத் தந்தது எனலாம்.

கிளையை வெட்டாமல் வளைத்துக் கட்டினாலும் நுனியின் ஆதிக்கம் தளர்கிறது. கிடையாக்கப்பட்ட கிளைகளில் நீள்வளர்ச்சி குறைந்து பக்க மொட்டுகள் எழுவதையும், சில பழமரங்களில் பூப்பு கூடுவதையும் வேரிங், நாசர் ஆகியோர் 1950-களின் இறுதியில் புவியீர்ப்பின் விளைவாக ஆராய்ந்தனர். கிடைக் கம்பியில் கொடியைப் படுக்க வைத்து, அதன் நெடுகிலும் சீரான இடைவெளியில் தளிர்களை எழுப்பும் முறைக்கு இது அடிப்படையாகும். எந்த மொட்டு எழும் என்பதை இக்கோட்பாடு நன்கு விளக்குகிறது. எழுந்த மொட்டில் பூங்கொத்து இருக்குமா, இராதா என்பதை அது விளக்குவதில்லை. திராட்சையிலோ அந்த முடிவு மொட்டு எழுவதற்கு வெகு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது.

ஒளியைக் கணக்கிட்டவர்கள்

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த வாட்சன் 1947-இல், ஒரு பரப்பு நிலத்தின்மீது எத்தனை பரப்பு இலை நிற்கிறது என்பதைக் குறிக்கும் இலைப் பரப்புக் குறியீட்டெண்ணை அறிமுகப்படுத்தினார். ஜப்பானியத் தாவரவியலாளர் மோன்சியும் சாயெகியும் 1953-இல், பயிர்க் கூட்டத்தின் மேலிருந்து கீழே செல்லச் செல்ல ஒளி சீராகக் கழிவதில்லை என்றும், ஒவ்வோர் அடுக்கும் தனக்கு வந்ததில் ஒரு பங்கை விழுங்குவதால் அது விரைந்து சரிகிறது என்றும் கணித வடிவில் காட்டினர். இவ்விரண்டும் வயல் பயிருக்கும் புல்பூண்டுக்கும் வகுக்கப்பட்டவை. அவற்றைப் பழத்தோட்டத்துக்குக் கொண்டுவந்தபோதுதான் கவாத்தின் பொருள் மாறியது.

நியூயார்க் மாநிலத்தின் ஜெனிவா ஆய்வு நிலையத்தில் நெல்சன் ஷாலிஸ், தழைத்து வளரும் கான்கார்ட் வகைக் கொடிகளில் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உட்புறம் இருண்டு கிடப்பதைக் கண்டார். கொடியை இரண்டு கிடைக் கம்பிகளுக்குப் பிரித்து, ஏறத்தாழ 1.2 மீட்டர் இடைவெளியில் இரு திரைகளாகத் தளிர்களைத் தொங்கவிடும் அவரது முறை 1966-இல் வெளியிடப்பட்டது. மொட்டுகளைக் கூட்டாமல், இருந்த இலைகளையே பிரித்து விரிப்பதால் விளைச்சல் உயர முடியும் என்ற அதன் செய்தி, கவாத்திலிருந்து பயிற்றுவித்தலுக்கு ஆய்வின் கவனத்தைத் திருப்பியது. ஆஸ்திரேலியரான ரிச்சர்ட் ஸ்மார்ட் இச்சிந்தனையை எண்களில் விரித்து, 1991-இல் மைக் ராபின்சனுடன் வெளியிட்ட 'சன்லைட் இன்டு வைன்' என்ற கையேட்டின் வழியே உலகெங்கும் பரப்பினார்.

அவ்வெண்களைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். தெளிந்த வானில் நண்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 2000 மைக்ரோமோல் அளவு ஒளித்துகள்கள் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் அலைநீளத்தில் விழுகின்றன. திராட்சை இலை அவற்றில் சுமார் 94 விழுக்காட்டை நிறுத்திக்கொண்டு 6 விழுக்காட்டை மட்டுமே கீழே விடுகிறது. எனவே இரண்டாம் இலைக்கு ஏறத்தாழ 120, மூன்றாம் இலைக்கு 7 என்ற அளவே கிட்டுகிறது. வெளி இலையோ 2000 முழுவதையும் பயன்படுத்துவதில்லை; 700 முதல் 1000 வரை வந்ததும் அதன் ஒளிச்சேர்க்கை தேங்கிவிடுகிறது. மறுபுறம், இலை தான் சுவாசித்துச் செலவிடும் அளவுக்காவது ஈட்ட வேண்டுமானால் சுமார் 15 முதல் 30 மைக்ரோமோல் தேவை. ஆக மேலடுக்கு ஒளியை வீணடிக்க, மூன்றாம் அடுக்கு தன் செலவுக்கே ஈட்டாமல் மஞ்சளாகி உதிர்கிறது. இந்தக் கணக்கின்படி ஓர் இலைத் திரையில் சராசரியாக ஒன்று முதல் ஒன்றரை அடுக்கு இலைகளே போதும் என்றும், அதன் முகப்பில் 20 முதல் 40 விழுக்காடு இடைவெளி தெரிய வேண்டும் என்றும் ஸ்மார்ட் பரிந்துரைத்தார். பின்னர் க்ளீவரும் டொக்கூஸ்லியனும் 2005-இல் ஒரு கிலோ பழத்துக்குத் தேவைப்படும் இலைப் பரப்பை ஒற்றைத் திரையில் 0.8 முதல் 1.2 சதுர மீட்டர் எனவும், கிடையாகப் பிரித்த திரையில் 0.5 முதல் 0.8 எனவும் வரையறுத்தனர். திரையைப் பிரித்ததும் அதே பழத்துக்குக் குறைந்த இலை போதுமானதாகிறது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

எனினும் இலை ஈட்டும் உணவைவிட ஆழமான விளைவு மொட்டுக்குள் நிகழ்கிறது. தளிர் வளரும்போதே இலைக்கக்கத்தில் உருவாகும் மொட்டினுள், எதுவாகப் போகிறது என்று முடிவாகாத நுண்ணிய முளைகள் தோன்றுகின்றன. சீனிவாசனும் மல்லின்ஸும் 1981-இல் தொகுத்துக் காட்டியபடி, சைட்டோகைனின் என்ற வளர்ச்சிப் பொருள் மிகும் சூழலில் அந்த முளை பூங்கொத்தாகவும், ஜிப்பரெலின் என்ற மற்றொன்று மிகும் சூழலில் பற்றுக்கம்பியாகவும் மாறுகிறது. ஒளியும் வெப்பமும் குறைந்தால் முடிவு பற்றுக்கம்பியின் பக்கம் சாய்கிறது. மேயும் ஆன்ட்கிளிஃபும் ஆஸ்திரேலியாவில் சுல்தானா வகைக் கொடிகளுக்கு நிழல் துணியிட்டு 1963-இல் வெளியிட்ட ஆய்வு, மொட்டு உருவாகும் காலத்து நிழல் அடுத்த பருவத்தின் விளைச்சலைக் குறைப்பதைக் காட்டியது. கத்தியைத் தொடாமல் ஒளியை மட்டும் மாற்றிய ஆய்வு என்பதால், ஒளிக்கோட்பாட்டுக்கான சான்றுகளில் இதை மிக வலுவானதாகக் கொள்ளலாம்.

அச்சான்றிலும் ஒரு முடிச்சு உண்டு. துணி வெளிச்சத்தோடு வெப்பத்தையும் சற்றுக் குறைக்கிறது. மேலும், இலைகள் தரும் நிழலும் துணி தரும் நிழலும் ஒன்றல்ல. இலை சிவப்பு ஒளியை விழுங்கி, அதற்கு அப்பாலுள்ள தொலைசிவப்பு ஒளியைப் பெரிதும் கடத்திவிடுவதால், இவ்விரண்டின் விகிதம் திறந்த வெளியில் 1-ஐச் சற்றுத் தாண்டியும் அடர்ந்த கொடிக்குள் 0.2-க்கும் கீழாகவும் இருக்கக்கூடும். இந்த விகிதத்தை ஃபைட்டோகுரோம் என்ற நிறமியால் உணரும் செடி, அண்டையில் போட்டி இருப்பதாகக் கொண்டு நீண்டு வளர்கிறது. கொடிக்குள் ஒளி குறைவது உணவுக் குறைவா, தகவலா, இரண்டுமா என்பது இன்னும் முழுமையாகப் பிரித்தறியப்படவில்லை.

வெட்டப்படாத கொடி

ஒளிக்கோட்பாட்டுக்கு மிகக் கடினமான கேள்வி அதன் சொந்த மண்ணிலிருந்தே வந்தது. ஆஸ்திரேலியாவின் மெர்பைன் ஆய்வு நிலையத்தில், கிளிங்கலெஃபர் முதலியோர் 1970-களிலிருந்து கொடிகளைக் குளிர்காலத்தில் வெட்டாமலேயே, ஓரங்களை மட்டும் சீவிவிட்டு வளர்த்தனர். கொடி புதர்மண்டி அழியும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, அது பல நூறு மொட்டுகளை எழுப்பி, ஒவ்வொரு தளிரையும் குட்டையாக நிறுத்தி, சிறுமணிகள் கொண்ட எண்ணற்ற சிறு குலைகளைத் தந்தது. விளைச்சல் பெரும்பாலும் குறையவில்லை. குட்டைத் தளிர்கள் வெளிப்புறத்திலேயே நின்றதால் அவற்றுக்கு ஒளியும் கிடைத்தது.

இது ஒளிக்கோட்பாட்டைப் பொய்யாக்கிவிடவில்லை. ஒளியைப் பெறக் கத்தி கட்டாயம் என்ற கருத்தையே அது அசைத்தது. கொடி தன் மொட்டுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பத் தளிர் நீளத்தைச் சரிசெய்துகொள்ளும் என்றால், கடுமையான கவாத்தே சில தளிர்களைக் கட்டுக்கடங்காமல் நீளச் செய்து, பின்னர் கோடையில் மீண்டும் வெட்டும் தேவையை உண்டாக்குகிறது என்ற விமரிசனம் நியாயமானதாகிறது. ஆனால் குளிர்ந்த, குறுகிய கோடை கொண்ட பகுதிகளில் இத்தகைய மிகுவிளைச்சல் முழுமையாகப் பழுப்பதில்லை என்பதும், பெரிய குலைக்கு மட்டுமே விலையுள்ள உண்ணும் திராட்சைக்கு இம்முறை பொருந்துவதில்லை என்பதும் இதன் எல்லைகள்.

குலைக்கு எவ்வளவு வெயில்

குலைகளைச் சூழ்ந்த இலைகளைக் கிள்ளிவிடுவது குளிர்நாடுகளில் பரவலான வழக்கம். ஈரம் விரைந்து உலர்வதால் அழுகல் குறைகிறது என்பது ஐயத்துக்கு இடமில்லாத பயன். நிறம் கூடும் என்ற வாக்குறுதியோ அந்த அளவு உறுதியானதன்று. கலிபோர்னியாவின் வெப்பமான சான் வாக்கின் பள்ளத்தாக்கில் 2001-இல் வெளியான பெர்க்விஸ்ட் குழுவினரின் ஆய்வு, ஒளி ஓரளவு கூடும்வரை நிறம் கூடி, அதற்கு மேல் குறைவதைக் கண்டது. வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்பெய்ட் குழுவினர் 2002-இல், வெயிலில் நின்ற குலைகளைக் குளிர்காற்றால் குளிர்வித்தும், நிழலில் நின்றவற்றைச் சூடாக்கியும் பார்த்து, ஒளி நிறத்தை வளர்க்க, வெயிலோடு வரும் சூடு அதை அழிக்கிறது என்பதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினர். இத்துறையில் ஒளியையும் வெப்பத்தையும் இவ்வளவு கவனமாகப் பிரித்த ஆய்வுகள் குறைவு என்பதால் இது பாராட்டத்தக்கது. இத்தாலியின் பொனி குழுவினர் 2006-இல் இலை நீக்கத்தைப் பூப்புக்கு முன்னரே செய்தபோது, உணவு குறைந்து காய்ப்பிடிப்பு தளர்ந்து குலை இளகியதால் அழுகல் குறைந்தது; அங்கே பயன் தந்தது ஒளியன்று, பசியே.

வெப்பமண்டலத்துப் பந்தல்

மேற்கண்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை, கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் நாடுகளில் செய்யப்பட்டவை. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை அவ்வாறு உறங்குவதில்லை. கொடியின் பருவத்தை அங்கே குளிர் தொடங்கிவைப்பதில்லை. கவாத்துக் கத்தியே தொடங்கிவைக்கிறது. கவாத்து செய்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் அறுவடை வருவதால் ஆண்டுக்கு இரண்டு முறையாவது வெட்டிக் காய்க்கச் செய்ய முடிகிறது. எனவே கவாத்து எதற்கு என்ற வினாவுக்கு இங்கே முதல் விடை காலத்தைப் பற்றியது. ஒளி அதற்கு அடுத்தே வருகிறது.

வடிவத்திலும் வேறுபாடு உண்டு. ஜெனிவா ஆய்வு நிலையம் நிற்கும் 43 பாகை வட அட்சத்தில் இளவேனிற்காலச் சம இரவு நாளின் நண்பகல் சூரியன் 47 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. நிமிர்ந்த இலைத்திரை அதன் சாய்ந்த ஒளியை நன்கு வாங்கும். கம்பம் இருக்கும் 10 பாகைக்குச் சற்றுக் குறைந்த அட்சத்தில் அதே நாளில் சூரியன் 80 பாகையில் நிற்கிறது. ஆண்டின் எந்த நாளிலும் நண்பகலில் 55 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. அங்கே நிமிர்ந்த திரை உச்சிவெயிலுக்கு விளிம்பை மட்டுமே காட்டி, மீதியைத் தரையில் விழவிடும். ஆள் நின்று வேலை செய்யும் உயரத்தில் கிடையாக விரியும் பந்தல் அந்த ஒளியை முழுதாக வாங்குவதோடு, குலைகளை இலைக்குக் கீழே நிழலில் தொங்கவிட்டு, ஸ்பெய்ட் குழுவினர் எச்சரித்த சூட்டிலிருந்தும் காக்கிறது. பந்தலைப் பழைய பழக்கம் என்று ஒதுக்கி நிமிர்ந்த கம்பி முறையே அறிவியல் என்று கொள்வது, அட்சத்தை மறந்த முடிவாகும்.

பந்தலின் குறை அதன் அடர்த்தியில் இருக்கிறது. பன்னீர் வகைக்குப் பொதுவாக நான்கு மொட்டு விட்டு வெட்டவும், முதிராத மெலிந்த கிளைகளை ஒன்றிரண்டு மொட்டோடு நிறுத்தவும் பரிந்துரைக்கப்படுகிறது. 12 முதல் 15 மொட்டு வந்ததும் நுனி கிள்ளி, பக்கத் தளிர்களையும் பற்றுக்கம்பிகளையும் நீக்குவதும் வழக்கம். அடுத்த கவாத்தில் எஞ்சப்போவது தளிரின் அடியிலுள்ள அந்த நான்கு கணுக்களே. அவை முதலில் உருவாவதால், பந்தல் இன்னும் மூடாத தொடக்க வாரங்களின் ஒளியே அடுத்த அறுவடைக்கான பூங்கொத்துகளைத் தீர்மானிக்கிறது எனக் கருத இடமுண்டு. மகாராஷ்டிரத்தில் ஏப்ரலில் ஒரு முறை வெட்டிக் கிளையை மட்டும் வளர்த்து, அக்டோபரில் மீண்டும் வெட்டிக் காய்க்கச் செய்யும் முறை இதையே வேறு வழியில் செய்கிறது: ஏப்ரல் கவாத்துக்குப் பின் 40 முதல் 60 நாளில் மொட்டுக்குள் நிகழும் மாற்றம், பருவமழை மேகம் கவியும் முன் வெயிலில் நிகழ வாய்ப்புப் பெறுகிறது. மேகமூட்டம் முந்தினால் அக்டோபரில் குலை குறைவதை அப்பகுதி உழவர் அறிவர்.

தீர்க்கப்படாதவை

இக்கோட்பாடுகள் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பது தெளிவாகிறது; ஒரே வெட்டு மொட்டு எண்ணிக்கையையும், உட்சமிக்ஞையையும், சேமித்த உணவின் பங்கீட்டையும், ஒளியையும் ஒருசேர மாற்றுவதே அவற்றைப் பிரித்தறியத் தடையாக உள்ளது. மொட்டின் வளத்துக்கு ஒளி இன்றியமையாதது என்ற முடிவு உறுதியானது. குலைக்கு நேர் வெயில் நல்லது என்ற முடிவு குளிர்நாடுகளுக்கு வெளியே ஐயத்துக்குரியது. வெட்டினால்தான் விளையும் என்ற நம்பிக்கை, பழத்தின் அளவும் விலையும் சார்ந்த ஒரு தேர்வே தவிர உயிரியல் விதியன்று.

க்ளீவரும் டொக்கூஸ்லியனும் கலிபோர்னியாவில் வரையறுத்த, ஒரு கிலோவுக்கு இத்தனை இலை என்ற அளவு, ஆண்டுக்கு இரண்டு அறுவடை தரும் கொடிக்கு அப்படியே பொருந்தாது. ஏனெனில் குளிர்நாட்டுக் கொடி அறுவடைக்குப் பின் இலையுதிர்வுவரை வேரில் உணவைச் சேமிக்க, கம்பத்துக் கொடி அந்த இடைவெளியின்றி அடுத்த சுமைக்கு எழுகிறது. அதற்கு எவ்வளவு கூடுதல் இலை வேண்டும், இரு கவாத்துகளுக்கு இடையே எத்தனை வாரம் ஓய்வு தர வேண்டும், பந்தலில் எத்தனை விழுக்காடு இடைவெளி விட்டால் அடிமொட்டுக்கு ஒளியும் குலைக்கு நிழலும் ஒருங்கே கிட்டும் என்பன தனித்தனி வினாக்களாகப் பந்தலுக்கு அடியிலேயே, நிழலையும் சூட்டையும் வேறுவேறாக மாற்றி, தொடர்ச்சியான பல அறுவடைகளுக்கு அளந்து பார்க்கப்பட வேண்டியவை.